லாரிக்குள் ஒரு காப்பி மெஷின்

போன மாதம் முழுக்க ஒரே ஒரு ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தேன். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்காக என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர் :-) பையில் போட்டுக்கொண்டு போகிற அளவுக்குச் சின்னதாக எஸ்பிரெஸ்ஸோ காப்பி போடும் கருவிகள் வந்திருக்கின்றன அல்லவா, அதில் எதை வாங்கலாம் என்பதுதான் ஆராய்ச்சி.

வகுப்பில் இதைச் சொன்னதும் பின் பெஞ்ச்சில் ஒரே சிரிப்பு. "வேடசந்தூர்ல எஸ்பிரெஸ்ஸோ யாருக்குடா? பஸ் ஸ்டாண்டுல நின்னு உறிஞ்சப் போறியா?"

நியாயமான கேள்விதான். எனக்கில்லை, எங்கள் அப்பாவுக்கு. அவர் லாரி டிரைவர்.

எங்கள் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே இருக்கிறது வேடசந்தூர். பக்கத்தில் குடகனாறு. ஒரு காலத்தில் ஊர்ப் பேரைச் சொன்னாலே புகையிலைதான் ஞாபகம் வரும். மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இங்கே இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் பாதி வீடுகளுக்குச் சோறு போடுவது சுற்றியிருக்கிற நூற்பாலைகள். அந்த நூல் போகிற ஊர்களில் ஒன்று மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து இச்சல்கரஞ்சி. விசைத்தறிகளின் ஊர். அப்பா அங்கே நூல் லோடு ஓட்டுகிறார். கரூர், நாமக்கல், சேலம், தர்மபுரி, ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர்... சுமார் ஆயிரம் கிலோமீட்டர். திரும்பி வர இன்னொரு ஆயிரம்.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை. திரும்பி வரும்போது தர்மபுரியைத் தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவுக்குக் கண் செருகிவிட்டது. இடது பக்க டயர் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிய சத்தத்தில்தான் விழித்தாராம். ஒன்றும் ஆகவில்லை. இறக்கத்தில் நடந்திருந்தால்? தொப்பூர் கணவாய் விபத்துகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா என்னிடம் சொன்னார். நான் அப்பாவிடம் கேட்கவில்லை. காப்பி மெஷின் தேட ஆரம்பித்தேன்.

ஏன் காப்பி?

லாரி டிரைவர் என்றால் டீதானே என்பீர்கள். அப்பா காப்பிக்காரர். அதற்குக் காரணம் பட்டிவீரன்பட்டி.

கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் அவர் ஓட்டியது மலை லோடு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காப்பிக்கொட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழே பட்டிவீரன்பட்டிக்கு வருவார். கீழ்ப்பழனி மலைக் காப்பிக்கு அதுதான் முக்கியமான இடம். மேல்தோல் நீக்கி, உமியோடு காயவைத்த கொட்டையை அங்கே கொண்டுவந்து உமி நீக்கி, அளவுவாரியாகப் பிரித்து, கெட்டதைப் பொறுக்கிப் போட்டு, ஏலத்துக்கும் ஏற்றுமதிக்கும் தயார் செய்வார்கள். (சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் பாண்டி பஜார் யார் பேரில் இருக்கிறதோ, அந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் இந்தப் பட்டிவீரன்பட்டிக்காரர்தான்.)

அங்கே மூட்டை இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் குடித்துக் குடித்து அப்பாவுக்கு நாக்கு பழகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் தூள் தீர்ந்தால் திண்டுக்கல்லில் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில்தான் வாங்க வேண்டும். பாக்கெட் தூள் வாங்கினால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார்.

பகலில் கர்நாடகத்தில் அவருக்குக் கஷ்டமில்லை. இந்தியாவில் அதிகம் காப்பி விளைகிற மாநிலமே அதுதான். சாலையோரக் கடையிலும் நல்ல காப்பி கிடைக்கும். சிக்கல் ராத்திரி ஒரு மணிக்கு மேலே. அப்போது திறந்திருக்கிற கடையில் கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன டீ இருக்கும். பெல்காம் தாண்டினால் பகலிலேயே டீ ராஜ்ஜியம்தான். அதனால் அப்பா ராத்திரியில் எதுவும் குடிக்காமலே ஓட்டுகிறார். முன்பு கிளீனர் ஒருவர் கூடவே இருப்பார், பேச்சுக் கொடுப்பார். இப்போது செலவைக் குறைக்கிறேன் என்று பல வண்டிகளில் டிரைவர் மட்டும்தான்.

பார்ட் டைமாக ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. பில் என்ட்ரி போட்டு நான் சேர்த்து வைத்திருந்த பணம் கையில் இருந்தது. சரி, ஒரு கை பார்ப்போம் என்று இறங்கினேன்.

எஸ்பிரெஸ்ஸோ என்றால் என்ன?

இதை அப்பாவுக்கு எப்படி விளக்கினேனோ அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் வீட்டு ஃபில்டரில் தண்ணீர் தானாக, தன் எடையால் இறங்குகிறது. எஸ்பிரெஸ்ஸோவில் அதைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். நைசாக அரைத்து இறுக்கி வைத்த தூளுக்குள் 90 முதல் 96 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் செலுத்துவார்கள். 25, 30 வினாடியில் ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்குக் கெட்டியான காப்பி விழும். மேலே பொன்னிற நுரை.

"ஒம்போது பார்னா எவ்வளவு?" என்றார் அப்பா.

"உங்க லாரி டயர்ல எவ்வளவு காத்து வைப்பீங்க?"

"நூத்திப் பத்து, நூத்தி இருபது."

அது பி.எஸ்.ஐ. கணக்கு. 9 பார் என்பது சுமார் 130 பி.எஸ்.ஐ. அதாவது லோடு ஏற்றிய லாரி டயரில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமான அழுத்தம் ஒரு கைப்பிடித் தூளுக்குள் போகிறது. அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கும் அந்த நிமிஷம்தான் முழுசாகப் புரிந்தது என்று வையுங்கள்.

இத்தாலியில் டூரின் நகரத்தில் ஏஞ்சலோ மோரியோண்டோ 1884-ல் நீராவியை வைத்து இப்படி ஒரு இயந்திரம் செய்தார். மிலானைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸெரா 1901-ல் அதை மேம்படுத்திக் காப்புரிமை வாங்கினார். நீராவியை விட்டுவிட்டு நெம்புகோலால் அழுத்தி, அந்த நுரை வருகிற மாதிரி செய்தவர் அக்கிலே காஜியா, அது 1940-களில். அப்போதெல்லாம் கடை மேஜையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். அதைத்தான் இன்றைக்குத் தண்ணீர் பாட்டில் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள்.

பட்டியல்

நான் பார்த்தவற்றை வகை பிரித்துச் சொல்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதல் வகை, கையால் அமுக்குவது. வாகாகோ என்ற ஹாங்காங் கம்பெனியின் நானோபிரெஸ்ஸோ இதில் பிரபலம். 8 கிராம் தூள், 80 மில்லி தண்ணீர். பக்கவாட்டில் இருக்கும் பிஸ்டனைக் கட்டை விரலால் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டும். 18 பார் வரைக்கும் போகும் என்கிறது கம்பெனி. அதே கம்பெனியின் பிகோபிரெஸ்ஸோ இன்னும் குட்டை. ஆனால் 18 கிராம் தூள் பிடிக்கும், காப்பியும் அதற்கேற்ற கெட்டி. அரைப்பு ரொம்பத் துல்லியமாக இருக்க வேண்டும். இரண்டிலும் வென்னீரை நாம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் வகை, காற்று பிடிப்பது. ஹேண்ட்பிரெஸ்ஸோ என்று ஒரு பிரெஞ்சுக் கருவி. சைக்கிள் பம்பு மாதிரியே அடித்து 16 பார் ஏற்றிவிட்டு, வென்னீர் ஊற்றி, பொத்தானை அமுக்கினால் காப்பி. வீடியோவைப் பார்த்த அப்பா சொன்னது: "பஞ்சர் கடை வச்ச மாதிரி இருக்கேடா."

மூன்றாம் வகை, பேட்டரி. அவுட்டின் நானோ போன்றவை. பச்சைத் தண்ணீர் ஊற்றினாலே மூன்று நாலு நிமிஷத்தில் தானே சூடாக்கி, தானே அழுத்தி ஊற்றிவிடும். போன் சார்ஜர் மாதிரி யு.எஸ்.பி. சி வழியாகச் சார்ஜ். பச்சைத் தண்ணீரிலிருந்து தொடங்கினால் ஒரு சார்ஜில் சில கப்தான். எடை அரைக் கிலோவுக்கு மேல். விலையும் மற்றதைவிட அதிகம். விமானத்தில் போகிறவர்கள் இதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லித்தியம் பேட்டரி இருப்பதால்.

நான்காம் வகை, எஸ்பிரெஸ்ஸோ மாதிரி. ஆலன் ஆட்லர் என்கிற அமெரிக்கர் 2005-ல் கொண்டுவந்த ஏரோபிரஸ் ஒரு பெரிய ஊசிக்குழாய் போல இருக்கும். (தூக்கி வீசி விளையாடும் வளையம் செய்தவரும் இவரே!) அழுத்தம் குறைவு, நுரை வராது, ஆனால் உடையாது, கழுவ அரை நிமிஷம். அடுத்தது, இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி பேரில் 1933-ல் வந்த மோக்கா பாத்திரம். அடுப்பில் வைத்தால் கீழிருந்து நீராவி தண்ணீரை மேலே தள்ளும். அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார்தான். பைக் டயரில் அடிக்கிற காற்றைவிடக் குறைவு. ஆனாலும் நல்ல திடமான காப்பி.

ஐந்தாம் வகை, நம்ம எவர்சில்வர் ஃபில்டர். இதற்கு அறிமுகம் தேவையில்லை.

லாரிக்குள் வைத்துப் பார்த்தால்

இணையத்தில் இருக்கிற விமர்சனம் எல்லாம் மலையேறப் போகிறவர்களும், ஹோட்டலில் தங்குகிறவர்களும் எழுதியது. அவர்கள் நுரையைப் பார்க்கிறார்கள். நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். வென்னீர் எங்கே? தூள் எது? கழுவுவது எங்கே?

வென்னீர். அப்பாவின் கேபினில் ஒற்றை அடுப்பு ஒன்று இருக்கிறது, சமையலுக்கு. ஆனால் நூல் லோடு இருக்கும்போது வண்டிக்குள் அதைப் பற்றவைக்கவே மாட்டார். பின்னால் இருப்பது அத்தனையும் பருத்தி. ஒரு பொறி போதும். சாப்பாடு நேரத்தில் வண்டியை விட்டுத் தள்ளிப் போய்த்தான் அடுப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு அதெல்லாம் நடக்காது. ஆக மோக்கா அவுட். மிச்சம் இருப்பது ஃபிளாஸ்க். ராத்திரி ஒன்பது மணிக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் இரண்டு மணிக்குள் சூடு இறங்கியிருக்கும். அந்தக் குட்டிக் கருவியில் ஊற்றியதும் அதன் உடம்பும் கொஞ்சம் சூட்டைக் குடித்துவிடும். 80 டிகிரித் தண்ணீரில் எஸ்பிரெஸ்ஸோ போட்டால் புளிப்பாக, சப்பென்று வரும். இந்த ஒரு கேள்வியில் ஜெயிப்பது பேட்டரி வகை மட்டும்தான்.

தூள். எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைப்பு நைசாக, ஒரே சீராக இருக்க வேண்டும். நாம் வாங்குவது ஃபில்டர் அரைப்பு, அதுவும் சிக்கரி கலந்தது. கடையில் விற்கும் கலப்புத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று மேலே அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி தண்ணீரில் சுலபமாகக் கரைந்து பிசுபிசுப்பாகும். மெதுவாக இறங்கும் ஃபில்டருக்கு அதனால் டிகாஷன் கெட்டியாகக் கிடைக்கிறது. அழுத்தித் தள்ளும் கருவிக்கோ சல்லடைக் கண்ணை அடைக்கும். அப்பாவுக்காகத் தனித் தூள் வாங்க வேண்டும். அந்தச் சுவையும் அவருக்குப் பழக வேண்டும்.

கழுவுவது. ஒவ்வொரு கப்புக்கும் ஐந்தாறு துண்டுகளைக் கழற்றி, சக்கையைத் தட்டி, அலச வேண்டும். வீட்டில் குழாயடியில் ஒன்றுமே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டில், பாட்டில் தண்ணீரில், ஒரு ரப்பர் வளையம் கீழே விழுந்தால் அத்தோடு முடிந்தது.

இது போக நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை அப்பாவே சொன்னார். "இதுல பால் எங்கடா ஊத்துறது?"

பி.காம் கணக்கு

சரி, நம்ம பாடத்தை எதற்குத்தான் பயன்படுத்துவது? பிரேக் ஈவன் போட்டுப் பார்த்தேன்.

கணக்குக்காகக் கருவியின் விலை 7,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு காப்பி 20 ரூபாய். சொந்தமாகப் போட்டால் 10 கிராம் தூள், கிலோ 800 என்றால் 8 ரூபாய். ஒரு கப்புக்கு மிச்சம் 12. 7,500-ஐ 12-ஆல் வகுத்தால் 625 கப். ராத்திரி ஓட்டம் மாதம் பத்து நாள், நாளைக்கு இரண்டு கப் என்றால் மாதம் 20. ஆக, போட்ட பணம் திரும்ப 31 மாதத்துக்கு மேல். 350 ரூபாய் ஃபில்டர் என்றால் 30 கப், ஒன்றரை மாதம்.

ஆனால் இது வெறும் காப்பிக்கு. அப்பாவுக்குப் பால் வேண்டும். டீக்கடையில் ஒரு கிளாஸ் பால் 15 ரூபாய் என்றால் மொத்தம் 23. கப்புக்கு மூன்று ரூபாய் நஷ்டம். பிரேக் ஈவன் இந்த ஜென்மத்தில் கிடையாது :-)

இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் ஒரு விஷயம் தெளிவானது. நான் இருபது ரூபாயை மிச்சம் பிடிக்கவா இதில் இறங்கினேன்? தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் அப்பா கண் விழித்திருக்க வேண்டும், அதற்குத்தானே. அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: காப்பி குடித்தால் தூக்கம் போகுமா?

காப்பி என்ன செய்யும், என்ன செய்யாது

நாள் முழுக்க விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது போய் உட்கார வேண்டிய இடங்களில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் தூக்கம் தெரியாது. தெரியாது, அவ்வளவுதான். சேர்ந்த தூக்கக் கடன் அப்படியே இருக்கும். கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு அசலை அப்படியே வைத்திருப்பது மாதிரி.

இந்தக் காஃபீன் வேலை செய்ய ஆரம்பிக்க 20, 30 நிமிஷம் ஆகும். குடித்த கையோடு கியரைப் போட்டுக் கிளம்புகிறவர், அந்த அரை மணி நேரமும் காப்பி குடிக்காதவர் மாதிரியேதான் ஓட்டுகிறார். எனக்கு இதுதான் பெரிய செய்தி. லாரிக்காரர்கள் "ஒரு டீயைப் போட்டுட்டு ஓட்டிடலாம்" என்று சொல்வதை எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்!

இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் என்ற இருவர் 1990-களில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஓட்டுநர்களைச் சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். காப்பி உதவியது. ஆனால் காப்பி குடித்துவிட்டு உடனே ஒரு கால் மணி நேரம் கண்ணை மூடியவர்களுக்கு அதைவிட நன்றாக உதவியது. காரணம் சுலபம். காஃபீன் வேலைக்கு வருவதற்குள் குட்டித் தூக்கம் அடினோசினைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிடுகிறது. அதற்கு மேல் தூங்கிவிட்டால் ஆழ்ந்த தூக்கத்தில் போய், எழும்போது மந்தமாக இருக்கும்.

அளவும் முக்கியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்குக் காஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அதே வழிகாட்டிக் கணக்கில் 150 மில்லி வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. சிக்கரியில் காஃபீன் கிடையாது. கலப்பு கூடக் கூட இந்த எண் இறங்கும். ஒரு எஸ்பிரெஸ்ஸோவில் சுமார் 60, 65 வரும். பார்த்தீர்களா, நம்ம டம்ளர் காப்பி ஒன்றும் சளைத்ததில்லை. கசப்பும் கெட்டியும் அதிகம் என்பதாலேயே காஃபீனும் அதிகம் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை நாலு மணிக்குக் குடித்துவிட்டு, எட்டு மணிக்கு லோடு இறக்கும் இடத்தில் படுத்தால் தூக்கம் சரியாக வராது. அந்தத் தூக்கம் கெட்டால் அடுத்த ராத்திரி இன்னும் மோசம்.

இதெல்லாம் புதுசா என்றால் அதுவும் இல்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டபோது, நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "யாரு, எனக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். லோடு நேரத்துக்குச் சேரவில்லை என்றால் வாடகையில் பிடிப்பார்கள். ஒரு காப்பி மெஷினால் அதை மாற்ற முடியாது என்று எனக்கும் தெரியும்.

என்னதான் வாங்கினேன்?

கடைசியில் எஸ்பிரெஸ்ஸோ கருவி வாங்கவில்லை. வாங்கியது இரண்டு பேர் அளவுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் ஃபில்டர், கால் லிட்டர் ஸ்டீல் பாட்டில் ஒன்று, ஒரு நல்ல ஃபிளாஸ்க். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள்.

முறை இதுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும்போது ஹோட்டலில் கொதிக்கிற தண்ணீர் கேட்டு வாங்கி ஃபில்டரில் ஊற்றி மேஜையிலேயே வைத்துவிடுவது. ஆடுகிற வண்டியில் ஃபில்டர் வேலை செய்யாது, நிற்கிற இடத்தில்தான் இறங்கும். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் டிகாஷன் தயார். அதை ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி மூடிவிட வேண்டும். ஃபிளாஸ்கில் ஊற்றிச் சூடாகவே வைத்திருந்தால் சில மணி நேரத்தில் ருசி கெட்டுவிடும். டிகாஷனைப் பச்சையாக வைத்துச் சூடான பாலையோ தண்ணீரையோ சேர்ப்பதுதான் நல்லது. அன்றைக்குப் போட்டது அன்றைக்கே தீர வேண்டும்.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் கண் கனக்க ஆரம்பித்தால், டீக்கடை இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்திப் பால் மட்டும் வாங்குவது. கர்நாடகத்தில் "ஹாலு", கோலாப்பூர் பக்கம் "தூத்". அப்பாவுக்கு ஏழு மாநில டீக்கடை பாஷை தெரியும், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடை இல்லையா, ஃபிளாஸ்க் வென்னீரை ஊற்றிக் கடுங்காப்பி. எஸ்பிரெஸ்ஸோவுக்குப் போதாத 80 டிகிரி இதற்குத் தாராளம். குடித்ததும் பின் சீட்டில் சாய்ந்து, போனில் இருபது நிமிஷத்துக்கு அலாரம். எழுந்து, முகம் கழுவி, அப்புறம்தான் சாவி.

இந்தக் கடைசி வரிக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. "இருவது நிமிசம் நிறுத்துனா இருவது கிலோமீட்டர் போச்சு" என்றார் அப்பா. நான் கணக்கில் பேசினேன். ஆயிரம் கிலோமீட்டரில் இரண்டு ராத்திரி, இரண்டு தரம் நிறுத்தினால் மொத்தம் நாற்பது நிமிஷம். ஓசூர் செக்போஸ்ட்டிலும் பெங்களூரு நெரிசலிலும் போவதைவிடக் கம்மி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் முடித்துவைத்தார். "நிறுத்தறப்ப எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் முழிச்சிருக்கேனான்னு பாக்க வேணாம். சும்மா குடுங்க."

முதல் ட்ரிப்பில் ஒரு மிஸ்டு கால் வந்தது. ராத்திரி 1.50. சித்ரதுர்கா பக்கம், மலை மேல் காற்றாலைகள் நிற்கிற இடம் என்று திரும்பி வந்து சொன்னார். டிகாஷன் கொஞ்சம் தண்ணியாக இருந்ததாம், தூளை இன்னும் கொஞ்சம் அமுக்க வேண்டுமாம். தூங்கினாரா என்று கேட்டேன். "கண்ணை மூடிட்டுக் கெடந்தேன்" என்றார். அது போதும் எனக்கு. இரண்டாவது ட்ரிப்பில் இரண்டு மிஸ்டு கால்.

உங்களுக்கு எது சரி?

இவ்வளவு பார்த்துவிட்டு எஸ்பிரெஸ்ஸோ கருவியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் நூல் லோடு ஓட்டவில்லையே. பால் இல்லாத காப்பி பிடிக்கும், சிக்கரி இல்லாத தூள் கிடைக்கும், தங்கும் அறையில் கெட்டில் இருக்கிறது என்றால் கையால் அமுக்கும் வகை நன்றாக இருக்கும். காரில் அடிக்கடி போகிறவர், விலை ஒரு பொருட்டில்லை என்றால் பேட்டரி வகை. ஹாஸ்டல் பசங்களுக்கு ஏரோபிரஸ். கீழே போட்டாலும் கவலையில்லை. அடுப்பு இருக்கிற பேச்சிலர் ரூம் என்றால் மோக்கா. கேஸ் அடுப்பாக இருக்க வேண்டும். அலுமினிய மோக்கா இண்டக்‌ஷனில் வேலை செய்யாது, எவர்சில்வர் மாடலாகப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் பெட்டியில் போட்டிருக்கும் பார் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். நீங்கள் போகிற இடத்தில் வென்னீர் எப்படிக் கிடைக்கும், உங்கள் தூள் அதற்கு ஒத்துவருமா, எங்கே கழுவுவீர்கள் என்று முதலில் பாருங்கள். ராத்திரி வண்டி ஓட்டுகிறவருக்காக வாங்குகிறீர்கள் என்றால் கூடவே அந்த இருபது நிமிஷத்தையும் பேசி வாங்கிவிடுங்கள். அது எந்தக் கடையிலும் கிடைக்காது, வீட்டில் சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்பா வியாழக்கிழமை மறுபடி கிளம்புகிறார். தூள் தீர்ந்துவிட்டது. நான் திண்டுக்கல் போய் அரை கிலோ அரைத்து வர வேண்டும், சிக்கரி கம்மியாக.